உங்கள் தங்கையின் விமானப்படை

அன்பும் மரியாதையும் என்றும் குறையாத பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கையும் உடல் அளவில் சௌக்கியம். அங்கு தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் உடல் அளவிலும் மற்ற எல்லா அளவிலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற செய்தி அறிந்து மகிழ்ந்தேன். ஓய்வில் இருப்பவருக்குத் தொல்லை கொடுக்கக் கூடாதுதான். ஆனால் தங்கையைக் கண்டித்துவைக்கும் பொறுப்பிலிருந்து எந்த அண்ணனுக்கும் ஓய்வு கிடையாது என்பதைப் பணிவுடன் நினைவூட்டிக்கொள்கிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். எங்கள் வீட்டு முன்னறை தங்கள் தங்கையின் அழகு நிலையம். அங்கே ஹேர் டிரையர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சமையலறையில் நான் பிஸ்கெட் டப்பாவைத் திறக்கும் சத்தம் அவளுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு போனில் என்ன ரகசியம் பேசுவது? எனவே என் கண்ணாடிக் கடையில், கண் பரிசோதிக்கும் இருட்டறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, எழுத்துப் பலகைக்குப் பின்னால் எரியும் விளக்கு வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். வெளியே கடைப் பெண்ணிடம், முக்கியமான பரிசோதனை நடக்கிறது, யாரையும் விடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

தாங்கள் எனக்குப் பெண் கொடுப்பதற்கு முன்பே எனக்கு இருந்த பழக்கம் தாங்கள் அறிந்ததே. சண்டை விமானம். நிஜமானதல்ல, பெட்டியில் வருவது. ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் இறக்கை, வால், சக்கரம், விமானி எல்லாம் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் கத்தரித்து, உப்புத்தாளால் தேய்த்து, பசை வைத்து ஒட்டி, பெயின்ட் அடித்து, ஒட்டுத்தாளில் வரும் சின்னங்களைத் தண்ணீரில் ஊறவைத்து மேலே நகர்த்தி உட்காரவைத்தால், கடைசியில் உள்ளங்கையில் ஒரு விமானம் நிற்கும். தங்கள் தகப்பனார்கூட அப்போதே, "ஒட்டட்டும், ஒட்டட்டும், ஆள் வீட்டோட இருப்பாரு" என்று சொன்னதாகக் கேள்வி. அந்த நம்பிக்கையை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். தங்கள் தங்கையும் இத்தனை வருஷத்தில் ஒரு குறை சொன்னதில்லை. பசை வாடை அதிகமானால் "ஜன்னலைத் திறங்க" என்பாள், அவ்வளவுதான். அவள் முன்னறையில் மனிதர்களுக்குப் பெயின்ட் அடித்தாள், நான் பின்னறையில் விமானங்களுக்கு அடித்தேன். அவரவர் எல்லையில் அவரவர் நிம்மதியாக இருந்தோம்.

இங்கே பல் டாக்டர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் இந்தப் பழக்கமுள்ளவர்கள் சேர்ந்து ஒரு கழகம் வைத்திருக்கிறோம். மாதம் ஒரு முறை நூலக மாடியில் கூடுவோம், வருஷம் ஒரு முறை போட்டி. வருஷா வருஷம் முதல் பரிசு இந்தப் பல் டாக்டருக்குத்தான். அவர் வைத்திருக்கும் சாமான்களைப் பார்த்தால் தங்களுக்கே நியாயம் புரியும். நெற்றியில் விளக்கு, கண்ணில் பூதக்கண்ணாடி, பல்லைக் குடையும் மெஷினால் இறக்கையில் கடுகைவிடச் சின்ன ஆணித் தடம் போடுகிறார். நான் உப்புத்தாளும் நகவெட்டியும் வைத்துக்கொண்டு இவரோடு போட்டி போட வேண்டும். போதாததற்கு என் கடைவாய்ப் பல்லுக்கும் அவரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. நாற்காலியைச் சாய்த்து, வாயைப் பிளந்து, பஞ்சைத் திணித்து, குழாயை மாட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் அவர் விமானப் பேச்சையே எடுப்பார். "போன வருஷம் உங்க விமானத்துல ஒரு பக்க இறக்கை கொஞ்சம் தொங்கிடுச்சு இல்ல?" என்பார். நான் "ஆ" என்பேன். அந்த நிலையில் வேறு என்ன சொல்ல முடியும்? அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு சிரிப்பார். எனக்கு அவர்மேல் பொறாமை என்று தங்கள் தங்கை சொல்வாள். பொறாமை இல்லை, மச்சான். அவர் கை நடுங்குகிற ஒரு நாளைப் பார்க்க வேண்டும் என்ற ஒரு சின்ன ஆசை, அதுவும் என் பல்லில் கை வைக்காத நாளாக இருக்க வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷமாக நான் ஒரு இரட்டை எஞ்சின் குண்டு விமானம் கட்டிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை பல் டாக்டரைத் தோற்கடித்தே தீருவது என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. அதற்குள் உட்கார ஒரு விமானி. சுண்டுவிரல் நகத்தில் பாதிதான் இருப்பார். முகத்துக்கு ஒரு சொட்டு வைத்தேன், கண்ணுக்கு இரண்டு புள்ளி வைத்தேன். இரண்டு புள்ளியும் ஓடிப்போய் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. காய்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்க்கிறேன், விமானி என்னைத் திரும்பிப் பார்க்கிறார்! இரண்டு கண், இரண்டு புருவம், மழிக்காத தாடைக்கு லேசாக ஒரு கருநீலம், நெற்றியில் ஒரு கவலைக் கோடு. வீட்டில் ஏதோ சண்டை போட்டுவிட்டு அவசரமாக வேலைக்குக் கிளம்பி வந்த மனுஷன் மாதிரியே இருந்தார்.

"நீயா தொட்டே?" என்று கேட்டேன்.

"ரொம்பப் பாவமா இருந்தாருங்க. ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டு எப்படி வண்டி ஓட்டுவாரு?"

"இது வண்டி இல்லை, விமானம்."

"அப்ப இன்னும் ஆபத்து இல்லையா?" என்று சொல்லிவிட்டு யாருக்கோ புருவம் திருத்தப் போய்விட்டாள்.

நான் அப்போதே அந்த விமானியைப் பிடுங்கிப் போட்டிருக்க வேண்டும் மச்சான். செய்யவில்லை. ஏனென்றால் நன்றாக இருந்தார். அந்த மாதக் கூட்டத்துக்கு விமானத்தை எடுத்துப் போனேன். இறக்கையை எத்தனை தடவை தேய்த்தேன், வயிற்றுக்கு எத்தனை கோட் சாம்பல் அடித்தேன், ஒருத்தன் கேக்கலை. எல்லாரும் வரிசையா குனிஞ்சு கண்ணாடிக்குள்ள அந்த விமானியைத்தான் பார்த்தாங்க. பல் டாக்டர் நெத்தி விளக்கைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்துட்டு நிமிர்ந்து, "இது யாரு பண்ணினது?"ன்னார். நான் சாமர்த்தியமா, "வீட்லதான்"னேன். வீட்டில் வைத்துச் செய்தது என்று அவர் எடுத்துக்கட்டுமேன்னு. அவர் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "ஓ, வீட்ல! அம்மாவா பண்ணினாங்க?"ன்னு கேட்டுட்டார். நம்ம பாஷையே நமக்கு எதிரி மச்சான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசல்ல மணி அடிக்குது, திறந்தா பல் டாக்டர். கையில தன்னோட விமானி ஒரு ஏழெட்டு பேரைப் பஞ்சுல சுத்தி எடுத்துட்டு வந்திருக்கார். "அம்மா இருக்காங்களா?"ங்கறார். நான் அங்கதான் நிக்கறேன், முழு ஆளா, வாயை மூடிக்கிட்டு, பதில் சொல்லக்கூடிய நிலைமையில முதல்முதலா நிக்கறேன். என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை! நேரா முன்னறைக்குப் போய், வாடிக்கைக்காரங்க உக்கார்ற சுத்துற நாற்காலியில உக்காந்து, தோலுக்கு நிழல் எப்படிக் குடுக்கறது, மூக்கோட பக்கத்துல என்ன நிறம்னு கேட்டுக் கேட்டுச் சின்ன காகிதத்துல குறிச்சுக்கறார். இவ சிரிச்சுக்கிட்டே, "டாக்டர், முகம்னா ஒரே நிறம் இல்லை. காது எப்பவும் கொஞ்சம் சிவப்பு, கண்ணுக்குக் கீழே எப்பவும் கொஞ்சம் ஊதா"ன்னு பாடம் நடத்தறா. மச்சான், இந்த இடத்துல நீங்க தப்பா நினைச்சுடக் கூடாது. அவர் என் பெண்டாட்டிகிட்ட பேசினாரேன்னு எனக்கு வருத்தமில்லை. உங்க தங்கையைப் பத்தி எனக்குத் தெரியாதா? எனக்கு வருத்தம், அவர் என்கிட்ட பேசலையேன்னுதான். இத்தனை வருஷமா அவரோட போட்டி போடறவன் நான். என்னைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருக்காரா?

அவர் போனதும் உங்க தங்கை பின்னறை வாசல்ல வந்து நின்னா. "எனக்கும் ஒரு பெட்டி குடுங்களேன், ஒண்ணு பண்ணிப் பார்க்கறேன்"னா. எனக்குள்ள ஒரு பிசாசு புகுந்தது. அலமாரி மேல எப்பவோ தூக்கிப் போட்ட ஒரு கடற்படை விமானம் இருந்தது. பாதி பாகம் காணோம். ஒரு இறக்கை மேல நான் உக்காந்துட்டதால விரிசல். விமானி மேல மூடற கண்ணாடியில அவசரப்பட்டு உடனே ஒட்டற பசையை வச்சுட்டேன், அது உள்ளே வெள்ளைவெளேர்னு பூத்துப்போய், நடுவுல என் கட்டைவிரல் ரேகை வேற பதிஞ்சுபோச்சு. "இந்தா, ஆரம்பத்துக்கு இதான் சரி"ன்னு எடுத்துக் குடுத்தேன். ஒரு வாரத்துல கைவிட்டுடுவான்னு கணக்கு.

கைவிடலை. காலையில வாடிக்கைக்காரங்க வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம், மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம்னு முன்னறையிலேயே மேஜை போட்டுக்கிட்டா. காணாமப் போன பாகத்துக்கெல்லாம் அங்கேயே சாமான் இருந்தது. எஞ்சின்ல ஓடற ஒயருக்கு யாரோ வெட்டிக்கிட்டுப் போன தலைமுடி. ஏணிக்கு ஹேர்பின். ஒடஞ்ச இறக்கையை ஒட்டவே இல்லை. ஒடஞ்ச இடத்தைத் திறந்தே வச்சுட்டு, உள்ளே எலும்பு மாதிரி குச்சி குச்சியா வச்சு, பக்கத்துல ரெண்டு மெக்கானிக் பொம்மையை நிறுத்தி, பழுது பார்க்கற விமானம்னு ஆக்கிட்டா. எனக்கு வந்த கோபம், அந்த யோசனை எனக்கு வரலையேங்கறதுதான். புரொப்பெல்லரை அவ 'ஃபேன்'ங்கறா. இறக்கையைக் 'கை'ங்கறா. மேலே அடிக்கற முதல் பெயின்ட் 'ஃபவுண்டேஷன்'. நான் திருத்தினா, "பேரு தெரிஞ்சவங்க பண்ணட்டும், பேரு தெரியாதவங்களும் பண்ணட்டும், யாரோடது பறக்குதுன்னு பார்ப்போம்"னா. புது பெயின்ட் மேல ஒரு அழுக்குக் கரைசலைப் பூசி, துடைச்சு, புகை படிஞ்ச மாதிரி, எண்ணெய் வழிஞ்ச மாதிரி, வெயில்ல வெளுத்த மாதிரி பண்ணிட்டா. "இத்தனை வருஷமா வயசைக் குறைக்கற வேலை பார்த்தேங்க. வயசைக் கூட்டறது எவ்வளவு சுலபமா இருக்கு!"ன்னு சொல்லிச் சிரிச்சா. சொல்லும்போது என்னைப் பார்த்தாளான்னு எனக்குச் சந்தேகம் இருக்கு.

இதுக்கு நடுவுல அந்தப் பல் டாக்டர் தன்னோட ஸ்ப்ரே பேனாவைக் கொண்டுவந்து அவகிட்ட குடுத்துட்டார் மச்சான்! பனி மாதிரி பெயின்ட் தெளிக்கற பேனா அது. நான் எத்தனையோ தடவை இரவல் கேட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும், "சர்வீஸுக்குக் குடுத்திருக்கேனே"ன்னுதான் பதில். இப்போ, "அம்மா எவ்வளவு நாள் வேணும்னாலும் வச்சுக்கட்டும்"ங்கறார். சர்வீஸ்லேர்ந்து எப்போ வந்ததுன்னு கேட்டேன். காதுல விழாத மாதிரி இருந்துட்டார். அவ நல்லவதான், "நீங்களும் எடுத்து அடிச்சுக்குங்க"ன்னா. அவளுக்குக் கிடைச்சதை நான் வாங்கி அடிக்கணுமா? மாட்டேன்னுட்டேன். அப்புறம் அவ குளிக்கப் போனப்போ எடுத்து அடிச்சுப் பார்த்தேன். என் சட்டைக்கும் சுவருக்கும் நல்லாவே அடிச்சது.

வீட்டுக்கு வர்ற பொம்பளைங்க வேற. ஒரு நாள் என் குண்டு விமானத்தையும் அவளோடதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு, நாற்காலியில சாஞ்சிருந்த ஒரு வங்கி அதிகாரி அம்மாகிட்ட, எது நல்லா இருக்கு, மறைக்காம சொல்லுங்கன்னு கேட்டேன். "அக்காவோடதுதான் தத்ரூபமா இருக்கு"ன்னாங்க. அப்புறம்தான் கவனிக்கறேன், அந்தம்மா ரெண்டு கண்ணு மேலயும் வெள்ளரிக்காய்த் துண்டு!

போட்டி அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன், கேளுங்க. ஒரே பிரிவுல ரெண்டு பேரும் பேர் குடுத்திருந்தோம். டாக்சியில அவ முன்னாடி உக்காந்துக்கிட்டா. பின்னாடி நான், மடியில ரெண்டு பெட்டி. வலது தொடையில என்னோடது, இடது தொடையில அவளோடது. மனசுக்குள்ள என்னென்னமோ ஓடுச்சுங்கறதை உங்ககிட்ட மறைக்கலை. ஒரு பெரிய பள்ளம் வந்தா, நானா ஒண்ணும் செய்யாமலே, கொஞ்சம் இடது பக்கமா... இப்படியெல்லாம்தான் ஓடுச்சு. நான் நினைச்சு முடிக்கலை, குறுக்கே ஒரு சைக்கிள் வந்து டிரைவர் போட்டான் பாருங்க ஒரு பிரேக்கு! ரெண்டு பெட்டியும் ஒரே சமயத்துல முன்னாடி பாஞ்சது. நான் ரெண்டு கையாலும் பாஞ்சு பிடிச்சேன். பிடிச்சது எதைன்னு நினைக்கறீங்க? அவளோடதை! ரெண்டு கையாலயும்! என்னோடது இருக்கைக்குக் கீழே உருண்டு போய் டமார்னு மோதுச்சு. ரெண்டு வருஷ உழைப்பு மச்சான். ஏன் அப்படிப் பண்ணினேன்னு இன்னிவரைக்கும் எனக்கு விளங்கலை. என் கை என்னை ஒரு வார்த்தை கேட்கலை. உங்க தங்கை திரும்பிப் பார்த்தா. என் நெஞ்சோட அணைச்சுக்கிட்டிருந்த பெட்டியைப் பார்த்தா, கீழே கிடந்த பெட்டியைப் பார்த்தா, மறுபடி முன்பக்கம் திரும்பிக்கிட்டா. போய்ச் சேர்ற வரைக்கும் ஜன்னலைத்தான் பார்த்துக்கிட்டு வந்தா.

மண்டபத்துல போய்த் திறந்து பார்த்தா என் விமானத்துக்கு ஒரு சக்கரக் கால் முறிஞ்சு, ரெண்டு புரொப்பெல்லரும் கழண்டு கிடக்கு. நான் மேஜையைச் சுத்திச் சுத்தி வந்தேன். "பேசாம உக்காருங்க"ன்னு சொல்லிட்டு அவ கைப்பையைத் திறந்து, பொய் இமை ஒட்டற பசையை எடுத்து, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு காலை ஒட்டினா. "ஃபேன் எப்படிங்க வரும்?"னு கேட்டா. நான் படபடப்புல, "குடு, எனக்குத் தெரியாதா?"ன்னு பிடுங்கி நானே மாட்டிட்டேன்.

நடுவரா வந்திருந்தவங்க, ஒரு காலத்துல சரக்கு விமானம் ஓட்டின ஒரு அம்மா. குட்டை முடி, நேரான முதுகு, பேச்சே கம்மி. என் மேஜைக்கு வந்தாங்க. குனிஞ்சாங்க. நிமிர்ந்தாங்க. "அழகா இருக்கு. ஒரே ஒரு சந்தேகம்"னாங்க.

"கேளுங்க மேடம்."

"ரெண்டும் எதிரெதிராச் சுத்தற புரொப்பெல்லர், இடம் வலம் மாறி மாட்டியிருக்கே. இது கிளம்பினா முன்னாடி போகாதே, பின்னாடி ஷெட்டுக்குள்ளல்ல போகும்?"

பக்கத்து மேஜையில பல் டாக்டர் இருமினார். அது இருமலே இல்லை.

அந்தம்மா அடுத்து உங்க தங்கையோட மேஜைக்குப் போனாங்க. போனவங்க அங்கேயே நின்னுட்டாங்க. கைப்பையிலேர்ந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டுப் பார்த்தாங்க. நான் சொல்ல மறந்துட்டேன், அந்தப் பூத்துப்போன கண்ணாடி மூடி இருக்கே, அதை இவ மாத்தலை. மேக்கப் துடைக்கற காகிதத்தைக் கிழிச்சு, பசைத் தண்ணியில நனைச்சு, தார்ப்பாய் மாதிரி அது மேல போர்த்தி, தலைமுடியையே கயிறாப் போட்டுக் கட்டிட்டா. அந்தம்மா அதைத் தொடாம விரலால காட்டி, "நாங்களும் இப்படித்தான் மூடி வைப்போம், வெயிலுக்கு. இது உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"ன்னு கேட்டாங்க. இவ அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துட்டு, "உள்ளே கொஞ்சம் அழுக்கா இருந்ததுங்க, அதான்"னா. அந்த அழுக்கு யாரோடது மச்சான்? என்னோடது! தார்ப்பாய்க்குக் கீழே என் கட்டைவிரல் ரேகை இருக்கு. நியாயப்படி அந்தப் பரிசுல எனக்கும் பங்கு உண்டு. யார்கிட்டப் போய்ச் சொல்ல?

முதல் பரிசு உங்க தங்கைக்கு. ரெண்டாவது பல் டாக்டருக்கு. எனக்கு, வந்து கலந்துக்கிட்டதுக்காக எல்லாருக்கும் குடுத்த காகிதம். மேடையில அவளை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க. மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, "எனக்கு யாரும் தனியாச் சொல்லிக் குடுக்கலைங்க. எங்க வீட்டுக்காரர் மேஜையைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன். எது எதைச் செய்யக் கூடாதுன்னு அங்கதான் தெரிஞ்சுக்கிட்டேன்"னா. மண்டபமே சிரிச்சது. அவ கிண்டலாச் சொல்லலை, மச்சான். நிஜமா நன்றி சொன்னா. அதுதான் என்னால தாங்க முடியலை. கேலி பண்ணியிருந்தா ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும்.

வெளியே தாழ்வாரத்துல தண்ணி குடிக்கப் போனேன். அங்கே பல் டாக்டர் தனியா நின்னுக்கிட்டு, குடிச்சு முடிச்ச காகிதக் கோப்பையைக் கசக்கிக் கசக்கி ஒரு மாத்திரை அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். என்னைப் பார்த்தார். நான் கேலி பண்ணத் தயாரா இருந்தேன். அவர், "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அவங்களோட ஒரே வீட்ல எப்படி இருக்கீங்க? எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பார்த்துட்டுப் போறதுக்கே தூக்கம் வரலை"ன்னார். மச்சான், அவர் கண்ணுல தண்ணி! பேனா குடுத்ததெல்லாம் பெருந்தன்மை இல்லையாம். தொழில் ரகசியத்தைத் தெரிஞ்சுக்கக் குடுத்த லஞ்சமாம். "தெரிஞ்சுக்கிட்டீங்களா?"ன்னேன். "எல்லாம் எழுதி வச்சிருக்கேன். காது சிவப்பு, கண்ணுக்குக் கீழே ஊதா. வீட்ல போய்ப் போட்டா, என் விமானி எல்லாருக்கும் அடிபட்ட மாதிரி இருக்கு"ன்னார். இத்தனை வருஷத்துல அவர் என்கிட்ட மனசு விட்டுப் பேசினது அதான் முதல் தடவை, அதுவும் என் வாய் மூடியிருக்கும்போது. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் நின்னு பேசினோம். இப்போ அவர் எனக்கு நெருங்கின சிநேகிதர். உங்க தங்கையைத் தோற்கடிக்கறது எப்படின்னு வாரம் ஒரு நாள் அவர் கிளினிக்குல கூடிப் பேசறோம். இன்னும் வழி தெரியலை.

வீட்டில் நிலைமை வரவர மோசம். ஷோகேஸின் நடுத்தட்டில் அவள் விமானம் வந்து நிற்கிறது, விளக்கு போட்டு. வருகிறவர்களெல்லாம் அதைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, "உங்களுக்கும் இதுல ஆர்வம் உண்டா சார்?" என்று கேட்கிறார்கள். நேற்று என் கடைக்கு ஒருவர் புதுக் கண்ணாடி போட வந்தார். "விமானம் செய்யற அம்மாவோட வீட்டுக்காரர் நீங்கதானே?" என்றார். அவருக்கு எழுத்துப் பலகையின் கடைசி வரியை மட்டும் மறுபடி மறுபடி படிக்கச் சொன்னேன்.

ஆகவே மச்சான் அவர்களைக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், தாங்கள் மூத்தவர் என்ற முறையில் தங்கைக்கு நான்கு வார்த்தை எழுத வேண்டும். இந்த வயதில் பெயின்ட் வாடை கண்ணுக்குக் கெடுதி என்று எழுதலாம், கண் சம்பந்தப்பட்டதால் நானும் ஒத்து ஊதுவேன். குடும்பப் பெண்ணுக்குக் குண்டு விமானம் எதற்கு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பதிலுக்குத் தங்களுக்கே ஒரு குண்டு விழும். அவளை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. பூ, பறவை, பழம் என்று எத்தனையோ இருக்கின்றன, அவற்றின் பக்கம் திருப்பிவிட்டால் போதும். பறவைகூட வேண்டாம், அதற்கும் இறக்கை இருக்கிறது. நான் எழுதியதாகத் தெரிய வேண்டாம்.

தங்கள் வீட்டில் எல்லாருடைய உடல்நலத்தையும் கவனித்துக்கொள்ளவும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நல்ல உத்தியோகம், நல்ல மனம், நடுங்காத கை எல்லாம் பெற்று நீடூழி வாழ்க என என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பையும் உடனடி நடவடிக்கையையும் எதிர்நோக்கும்,
தங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம்! உறையில் தபால் தலை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே இருட்டறைக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு உங்கள் தங்கை வந்து நிற்கிறாள், கையில் போன். போனில் ஒரு பாய்மரப் போர்க்கப்பல். நீங்க கட்டினதாம்! ஓய்வு பெற்ற நாள்லேர்ந்து ரகசியமாக் கட்டிக்கிட்டு இருந்தீங்களாம். பாயை எப்படிச் சுருட்டறது, மரத்துக்கு என்ன நிறம்னு இவதான் போன்ல சொல்லிச் சொல்லிக் குடுத்தாளாம். அப்போ இவ்வளவு நாளா இங்க நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை மூச்சு விடலையே மச்சான் நீங்க! அவ படத்தைப் பார்த்துப் பூரிச்சுப் போய், "அண்ணன் கை அண்ணன் கைதான். எங்க குடும்பத்துக்கே கை அப்படி"ன்னா. எனக்கு வயிறு எப்படி எரிஞ்சிருக்கும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க. பல் டாக்டர் ஞாபகமே எனக்கு அடியோட போயிடுச்சு. அப்புறம் அவ படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தா. "கயிறெல்லாம் தடியா இருக்கே. இந்த அளவுக் கப்பலுக்கு இது கயிறு இல்லை, மலைப்பாம்பு. நாம பண்ணினா இப்படி விடுவோமாங்க?"ன்னா. 'நாம'ன்னா மச்சான். கடையைப் பூட்டச் சொல்லிட்டேன். இதோ ரெண்டு பேருமா கப்பல் பெட்டி வாங்கக் கிளம்பிட்டோம். இந்தக் கடிதத்தைக் கிழிச்சே போட்டிருப்பேன், ஆனா கயிறு தடின்னு உங்களுக்கு யாராவது சொல்லியாகணும்.